காகித இதயமும் சுந்தர ராவின் க்ஷேத்திர கணிதமும்

2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றம் பெற்றும், குடியிருப்போர் நாவில் இன்னும் போர்ட் பிளேயர் என்றே வழங்கிவரும் அந்தமான் தலைநகரில், ஃபீனிக்ஸ் பே என்பது கப்பலும் காத்திருப்பும் நிறைந்த ஓர் இடம். கப்பல்களைப் பழுது பார்க்கும் சர்க்கார் பணிமனை அங்கே இருக்கிறது. ஹேவ்லாக் என்றும் நீல் என்றும் பழைய பெயராலேயே பலரும் குறிப்பிடும் ஸ்வராஜ் தீவுக்கும் ஷஹீத் தீவுக்கும் செல்லும் சர்க்கார் படகுகள் அந்தத் துறையிலிருந்துதான் புறப்படுகின்றன. சீட்டு வாங்கிக்கொண்டு, மூட்டைகளை ஓரமாக வைத்துவிட்டு, குழந்தைகளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு படகை எதிர்நோக்கியிருக்கும் பிரயாணிகளுள் தமிழ் பேசுவோர் கணிசமாகவே இருப்பர். 2011-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்குப்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாழ்வோரில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் அல்லவா? அவர்கள் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் தமிழ் வழியிலேயே பாடம் பயிலுவதற்கும் அங்குள்ள சர்க்கார் பள்ளிகளில் வசதி உண்டு. அத்தகைய பிள்ளைகளையும் அவர்களுடைய ஆசிரியர்களையும் மனத்தில் வைத்து, கத்தரிக்கோலும் பசையும் இல்லாமல், ஒரே ஒரு சதுரக் காகிதத்தைக் கொண்டு இதய வடிவம் ஒன்றை மடித்தெடுக்கும் முறையைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

மடிக்கும் முறையைச் சொல்வது மட்டுமே நோக்கமானால் ஒரு பத்தியில் முடித்துவிடலாம். ஆனால் எளிதென்று நாம் எண்ணும் அம்மடிப்புகளுக்குள்ளே, வடிவியல் என்று இன்று வழங்கும் க்ஷேத்திர கணிதத்தின் முதற்பாடங்கள் பல மறைந்திருப்பதையும், அப்பாடங்களைக் காகித மடிப்பின் வாயிலாகவே கற்பிக்கலாம் என்று கண்டு ஒரு முழு நூலே எழுதியவர் நம் சென்னை ராஜதானியில் உத்தியோகம் பார்த்த ஒருவர் என்பதையும், அந்நூலுக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கிடைத்த மதிப்பில் சிறு பங்குகூட நம் பள்ளிகளில் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லாமல் விட மனம் இடங்கொடுக்கவில்லை.

காகிதத்தை மடித்து உருவம் செய்யும் கலை என்றவுடன் ஜப்பான் தேசமே நினைவுக்கு வருகிறது. ஓரிகாமி என்னும் ஜப்பானியப் பெயரே உலகமெங்கும் நிலைத்துவிட்டது. கொக்குகளைக் கோவையாக மடிக்கும் முறைகளை விளக்கும் நூல் ஒன்று அங்கே 1797-ஆம் ஆண்டிலேயே அச்சாகியிருக்கிறது. நம் காலத்துக்கு அண்மையில் வாழ்ந்த அகிரா யோஷிஸாவா என்பவர், எந்தக் கோடு உட்பக்கமாக மடியும், எந்தக் கோடு வெளிப்பக்கமாக மடியும் என்பதைப் புள்ளிக்கோடுகளாலும் அம்புக்குறிகளாலும் காட்டும் ஒரு குறியீட்டு முறையை வகுத்து, மொழி அறியாதவரும் படத்தைப் பார்த்தே மடிக்கும்படி செய்தார். அந்தமானுக்கும் ஜப்பானுக்கும் உள்ள சம்பந்தமோ வேறு வகையானது. 1942-ஆம் ஆண்டு மார்ச்சு 23-ஆம் தேதி ஜப்பானியப் படை போர்ட் பிளேயரில் இறங்கியது முதல் 1945 அக்டோபரில் சரணடைந்தது வரை அத்தீவுவாசிகள் அநுபவித்த பசியும் சித்திரவதையும் கொலையும் இன்றும் அங்குள்ள முதிய குடும்பங்களில் சொல்லப்பட்டு வருகின்றன. கடற்கரையோரம் அவர்கள் கட்டிய காவல் அறைகள் இன்னும் இருக்கின்றன. அந்தப் படையினர் கொண்டுவந்த எதனோடும் இந்தக் கலையைச் சேர்த்து எண்ணக் கூடாது. ஒரு ஜனசமூகத்தின் குழந்தைகள் விரல்களால் கற்றுக்கொண்டது வேறு, அதன் ராணுவம் செய்தது வேறு.

நம்மவர்க்கும் காகிதம் மடிக்கத் தெரியாமல் இருந்ததில்லை. கோயில் குருக்கள் விபூதியைச் சிந்தாமல் மடித்துக் கொடுக்கும் பொட்டலமும், நாட்டு வைத்தியர் சூரணத்துக்கு வேளைக்கு ஒன்றாக மடிக்கும் பொடிப் பொட்டலமும், மளிகைக் கடைக்காரர் பருப்புக்கும் மிளகுக்கும் கண் இமைக்கும் நேரத்தில் சுருட்டும் கூம்பும், மழைத் தண்ணீரில் விடுவதற்குப் பிள்ளைகள் செய்யும் சாதாரணக் கப்பலும் கத்திக் கப்பலும் ஆகிய அனைத்தும் பசையின்றி மடிப்பின் பலத்தாலேயே நிற்பவை. அவற்றைக் கலை என்று எவரும் கொண்டாடவில்லை, அவ்வளவுதான். ஆனால் பொட்டலம் அவிழாமல் நிற்பதற்குக் காரணமாக உள்ள விதியும் கொக்கின் சிறகு விரிவதற்குக் காரணமாக உள்ள விதியும் ஒன்றே என்பதை உணர்ந்து எழுத ஒருவர் வேண்டியிருந்தது.

அவர்தான் தண்டலம் சுந்தர ராவ். டெபுடி கலெக்டர் பதவி வகித்தவர். 1893-ஆம் ஆண்டில், காகித மடிப்பில் க்ஷேத்திர கணிதப் பயிற்சிகள் என்ற பொருள்படும் ஆங்கில நூல் ஒன்றை எழுதினார்; சென்னை மவுண்ட் ரோடிலிருந்த அடிசன் கம்பெனியார் அதை வெளியிட்டனர். ஜெர்மனியில் ஃப்ரோபெல் என்னும் கல்வியாளர் தோற்றுவித்த கிண்டர்கார்ட்டன் முறையில், சின்னஞ்சிறு குழந்தைகளின் கையில் கொடுப்பதற்கென்று வரிசையாக வகுத்த விளையாட்டுச் சாதனங்களுள் எட்டாவதாகிய காகித மடிப்பே தமக்கு இந்த எண்ணத்தைத் தந்தது என்று அவரே முகவுரையில் சொல்லுகிறார். பல வண்ணங்களில் இருநூறு சதுரத் தாள்களும், மடிப்பை அழுத்த ஒரு சிறு கருவியும், படங்களும் கொண்ட ஒரு பெட்டி அது. வேறொருவராயின் அப்பெட்டியைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டுக் கச்சேரிக்குப் போயிருப்பார். சுந்தர ராவோ, நிலவரிக் கணக்குகளுக்கு இடையே அந்தச் சதுரத் தாள்களில் யூக்ளிட்டின் தேற்றங்களைத் தேடினார். முதல் அத்தியாயத்தில் ஒழுங்கற்ற ஒரு தாளிலிருந்து சதுரத்தை உண்டாக்குவதில் தொடங்கி, சமபக்க முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம், எண்கோணம் என்று ஏறி, எண்தொடர்களின் கூட்டுத்தொகையையும் படமாக்கிக் காட்டி, கூம்பின் வெட்டுமுகங்களாகிய நீள்வட்டம் முதலியவற்றைக் கடந்து, விசேஷ வளைகோடுகள் பலவற்றோடு நூலை முடிக்கிறார். வளைகோடுகளைப் பேசும் அந்தக் கடைசி அத்தியாயத்தில், இதய வடிவான வளைகோடு ஒன்றும் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

ஃபெலிக்ஸ் கிளைன் என்ற ஜெர்மானியக் கணித மேதை 1895-இல் வெளிவந்த தம் சொற்பொழிவு நூலில் சுந்தர ராவின் நூலைக் குறிப்பிட்டார். அக்குறிப்பைக் கண்ட பீமன், ஸ்மித் என்னும் இரு அமெரிக்கப் பேராசிரியர்கள், பல தடைகளுக்கும் தாமதங்களுக்கும் பிறகே நூலின் பிரதியைப் பெற்றனர். படித்து வியந்து, மடிப்புகளை நிழற்படங்களாகவே எடுத்துச் சேர்த்து, 1901-இல் சிகாகோவில் புதிதாகப் பதிப்பித்தனர். 1966-இல் மீண்டும் அமெரிக்காவில் ஒரு மறுபதிப்பு வந்தது. ரெவினியூ இலாகாவின் கோப்புகளுக்கு நடுவிலே கணிதம் வளர்ந்த அந்தக் காலத்தை நினைத்தால் வியப்பாகவே இருக்கிறது; 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவரும், வேலை தேடிவந்த இளைஞர் ராமாநுஜனின் நோட்டுப் புத்தகத்தைக் கண்டு அதன் பெருமையை உணர்ந்தவருமான ராமஸ்வாமி ஐயரும் ஒரு டெபுடி கலெக்டரே.

இனி நம் இதயத்துக்கு வருவோம். முதலில் வேண்டுவது பழுதற்ற சதுரம். பள்ளி நோட்டின் தாளோ, ஒரு பக்கம் வண்ணம் அச்சான பழைய நாட்காட்டித் தாளோ எதுவாயினும் சரி. நீளவாட்டான தாளின் ஒரு மூலையைப் பிடித்து, குட்டைப் பக்கம் நெட்டைப் பக்கத்தின்மேல் ஓரத்தோடு ஓரம் சரியாகப் படியும்படி சாய்வாக மடித்தால் ஒரு முக்கோணம் உண்டாகும். அதற்கு வெளியே மிஞ்சும் பட்டையை மடித்துக் கிழித்துவிட்டுத் தாளை விரித்தால் சதுரம் தயார். அளவுகோல் எங்கே வந்தது? ஒரு பக்கத்தை மற்றொரு பக்கத்தின்மேல் படியவைத்தபோதே அவ்விரண்டும் சமம் என்பது பிரத்தியட்சமாகிவிட்டது. மடிப்பு என்பது ஒரு செயல் மட்டுமன்று, அதுவே நிரூபணமும் ஆகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

வண்ணமுள்ள பக்கம் கீழே இருக்கும்படி சதுரத்தை வைத்து, எதிர் எதிர் மூலைகளைச் சேர்த்து இரண்டு மூலைவிட்டங்களையும் மடித்து விரித்துக்கொள்ள வேண்டும். அவை ஒன்றையொன்று வெட்டும் இடமே சதுரத்தின் மையம். ஒரு மூலை மேலே நோக்கவும், ஒரு மூலை நம்மை நோக்கவும் தாளைத் திருப்பி வைத்து, மேல் மூலை மையத்தைத் தொடும்படி மடித்தால், மேலே கிடைமட்டமான ஓர் ஓரம் தோன்றும். அடுத்து, நம் பக்கமுள்ள மூலையை எடுத்து, மையத்தையும் தாண்டி, அந்த மேல் ஓரத்தின் நட்டநடுவைத் தொடும்வரை கொண்டுபோய் மடிக்க வேண்டும். இப்போது கீழேயும் கிடைமட்டமான ஓர் ஓரம் உண்டாகி, அகன்ற ஓர் அறுகோணம் நம் முன்னே கிடக்கும். அவசரப்படுவோர் தவறுவது அடுத்த படியில்தான்: கீழ் ஓரத்தின் நடுப்புள்ளியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, ஓரத்தின் வலப்பாதியைத் தூக்கி, நடுவில் செங்குத்தாக ஓடும் பழைய மூலைவிட்டக் கோட்டின்மேல் கச்சிதமாகப் படியவைத்து மடிக்க வேண்டும். இடப்பாதியையும் அப்படியே செய்தால் இரு ஓரங்களும் நடுக்கோட்டில் சந்தித்து, மேலே இரண்டு கூம்புகளும், அவற்றின் நடுவே ஒரு பள்ளமும், கீழே ஒரு கூர்நுனியுமாக இதயத்தின் உருவம் வந்துவிடும். பிறகு தாளைக் குப்புறத் திருப்பி, மேலுள்ள இரு கூம்புகளின் நுனிகளையும் பக்கங்களில் துருத்திய இரு மூலைகளையும் ஒரு விரலகலத்துக்கும் குறைவாகவே உட்புறம் மடித்துவிட்டால் கூர்மைகள் மழுங்கி, மறுபடி திருப்பிப் பார்க்கையில் உருண்டு திரண்ட இதயம் தெரியும்.

இவ்வுருவத்தின் கணக்கைச் சற்று ஊன்றிப் பார்ப்பது பயன்தரும். கீழ் ஓரம் நேர்கோடாதலால் அதன் நடுப்புள்ளியில் உள்ள கோணம் 180 பாகை. இருபுறமும் ஓரத்தை நிமிர்த்தி நடுக்கோட்டில் சேர்த்தபோது ஒவ்வொரு புறத்திலும் 90 பாகை பாதியாக மடிந்தது. ஆகவே இதயத்தின் கீழ்நுனி 45-உம் 45-உம் சேர்ந்த செங்கோணமே ஆகும். மேலுள்ள கூம்புகளும் பக்கத்து மூலைகளும்கூட, நுனி மடிப்பதற்கு முன், செங்கோணங்களே. ஏனெனில் அவை சதுரத்தின் மூலைகளிலிருந்தும் அதன் ஓரங்களைச் செங்குத்தாக வெட்டும் மடிப்புகளிலிருந்தும் பிறந்தவை. நுனி மடிப்பதற்கு முன் உயரத்தை அளந்தால் அது மூலைவிட்டத்தில் சரிபாதி. அகலமோ மூலைவிட்டத்தில் எட்டில் ஐந்து பங்கு. பதினைந்து சென்டிமீட்டர் சதுரமெடுத்தால் மூலைவிட்டம் ஏறக்குறைய 21.2 சென்டிமீட்டர், இதயத்தின் உயரம் 10.6, அகலம் 13.25. தாள் சிறிதாயினும் பெரிதாயினும் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 5-க்கு 4 என்பதில் மாறுதலே இராது. பெரிய தாளிலும் சிறிய தாளிலும் ஒரே வகுப்புப் பிள்ளைகளை மடிக்கச் சொல்லி, அளந்து ஒப்பிடச் சொன்னால், விகிதம் என்றால் என்ன என்பதைக் கரும்பலகையில் எழுதி விளக்க வேண்டிய சிரமமே ஆசிரியருக்கு ஏற்படாது. காம்பஸ் பெட்டி வாங்க வசதியில்லாத பிள்ளையும் வசதியுள்ள பிள்ளையும் இந்தப் பாடத்தில் சமமே.

மற்றொரு விசேஷமும் உண்டு. வண்ணப் பக்கத்தைக் கீழே வைத்துத் தொடங்கினோம் அல்லவா? முடிவில் முகப்பு முழுவதும் வண்ணமாகவே இருக்க, வெள்ளைப் பக்கம் அநேகமாக முழுதும் மடிப்புகளுக்குள் அடங்கிவிடுகிறது. ஆகையால் அவ்வெள்ளைப் பக்கத்தில் நாலு வரி எழுதி மடித்தால், உறையின்றியே அது ஒரு கடிதமாகும். கப்பலில் போவதானால் சென்னைக்கு மூன்று நாள் பிரயாணமாகும் ஓர் ஊரிலிருந்து, பாட்டிக்கோ தாத்தாவுக்கோ பேரப்பிள்ளை இப்படி எழுதி அனுப்பினால் அதைப் பெறுவோர்க்கு எத்தனை சந்தோஷம் உண்டாகும்!

தீவில் மடிப்போர் அறிய வேண்டிய இடையூறு ஒன்று உண்டு; அது காற்றின் ஈரம். தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் இரண்டுமே அந்தமானில் மழையைக் கொட்டுகின்றன. ஆண்டின் பெரும்பகுதியில் காற்று கனத்தே இருக்கிறது. காகிதம் மரநார்களால் ஆனது. நார் ஈரத்தை உறிஞ்சினால் நீளத்தில் அதிகம் வளராமல் குறுக்கில் தடிக்கும். இயந்திரத்தில் செய்த காகிதத்தில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்திருப்பதால், அத்திசையில் தாள் அவ்வளவாக நீளாமல், அதற்குக் குறுக்கே சற்று விரிகிறது. எனவே உலர்ந்த நாளில் வெட்டிய பழுதற்ற சதுரம் மழை நாளில் அணுவளவு நீள்சதுரமாகிவிடக்கூடும்; மூலைகள் சேராமல் இழுத்துக்கொண்டு போவதற்குப் பிள்ளையின் கை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆதலால் சதுரத்தை மடிக்கும் அன்றே உண்டாக்கிக்கொள்வதும், தாள்களைக் கனத்த புத்தகத்தினுள் வைத்துக் காப்பதும் நலம். ஈரத்தில் நார்கள் தளர்வதால் மடிப்பும் விறைப்பாக நிற்பதில்லை. ஒவ்வொரு மடிப்பையும் நகத்தாலோ கரண்டிக் காம்பாலோ இருமுறை நீவிவிட வேண்டும். செய்தித்தாள் இதற்கு உதவாது. கணினி அச்சுக்கு விற்கும் வெள்ளைத் தாள் போதும்.

உடற்கூறு நூல்களிலுள்ள இதயம் இவ்வடிவத்தில் இல்லை என்பது யாவரும் அறிந்ததே. முஷ்டியளவான அந்தத் தசைப் பையைவிட, கடற்கரையோரங்களில் தழைக்கும் பூவரசின் இலையையே நம் காகித இதயம் அதிகம் ஒத்திருக்கிறது. நாம் பீப்பீ சுருட்டி ஊதிய அதே இலைதான். ஐரோப்பியர் சீட்டுக்கட்டுகளில் பதினைந்தாம் நூற்றாண்டு முதல் இவ்வடிவம் அன்புக்கு அடையாளமாகிய உறுப்பின் பெயரால் இடம் பெற்று உலகமெங்கும் பரவிற்று. அடையாளம் எப்படிப் பிறந்தது என்னும் ஆராய்ச்சியில் இறங்காமல், கணிதத்தில் இதய வடிவம் என்று எதைச் சொல்கிறார்கள் என்பதையே இங்கு நாம் கவனிப்போம்.

சுந்தர ராவ் கடைசி அத்தியாயத்தில் எடுத்துக்கொண்ட அந்த வளைகோட்டைக் கார்டியாய்டு என்பார்கள். ஒரு வட்டத்தின் பரிதியில் ஒரு புள்ளியை நிலையாகக் கொண்டு, அதன் வழியே பல திசைகளிலும் கோடுகள் இழுத்து, ஒவ்வொரு கோடும் பரிதியை மறுபடி வெட்டுமிடத்திலிருந்து இருபுறமும் வட்டத்தின் விட்டத்துக்குச் சமமான தூரத்தை அளந்து குறித்தால், அக்குறிகளெல்லாம் சேர்ந்து அவ்வளைகோடாகும் என்பது அவர் காட்டும் வழி. வட்டமும் நேர்கோடும் மட்டுமே உள்ள ஒரு படத்திலிருந்து வேறொரு ஜாதி வளைவு பிறப்பதைக் கண்டு பிள்ளைகள் அதிசயிக்காமல் இரார்.

சுந்தர ராவுக்குப் பின்னால் காகித மடிப்புச் சாஸ்திரம் வெகு தூரம் வளர்ந்துவிட்டது. 1936-இல் மார்கரீட்டா பெலோக் என்ற இத்தாலியக் கணித அறிஞர், இரண்டு புள்ளிகளை ஒரே சமயத்தில் இரண்டு கோடுகளின்மேல் படியவைக்கும் ஒரு மடிப்பினால் முப்படிச் சமன்பாடுகளையும் தீர்க்கலாம் என்று நிறுவினார். காம்பஸும் அளவுகோலும் கொண்டு கோணத்தை மூன்று சமபாகமாக்குவது பொதுவில் இயலாது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே முடிந்துபோன விஷயம். கிரேக்கர் காலமுதல் அறிஞர்களைத் திணற வைத்த அந்தக் காரியத்தைக் காகித மடிப்பு செய்துவிடுகிறது. இதைக் கேட்ட பிறகும் காகித மடிப்பைக் குழந்தை விளையாட்டு என்று ஒதுக்குவோர், பொழுதுபோக்கு வகுப்புக்கு மட்டுமே உரியதென்று கால அட்டவணையின் மூலையில் தள்ளுவோர், அருள்கூர்ந்து தம் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

கார்டியாய்டை வரையாமல் மடிப்பினாலேயே உண்டாக்குவதற்கும் வழி உண்டு. வகுப்பில் சற்றுப் பெரிய பிள்ளைகளுக்குக் கொடுக்கத்தக்கது. ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்து வட்டமாக வெட்டிய மெல்லிய தாளை, பாதிக்குப் பாதியாக நான்கு முறை மடித்து விரித்தால் பரிதியில் 16 குறிகள் கிடைக்கும். அடுத்தடுத்த இரு குறிகளைச் சேர்த்து ஒவ்வொன்றாக மடித்து இடையிலும் குறித்தால் 32. இவற்றுக்கு வரிசையாக எண்ணிட்டு, 1-இல் இருந்து 2-க்கும், 2-இல் இருந்து 4-க்கும், 3-இல் இருந்து 6-க்குமாக, ஒவ்வொரு குறியையும் அதன் இருமடங்கான குறியோடு சேர்க்கும் நேர்கோட்டில் மடித்து விரிக்க வேண்டும். இருமடங்கு 32-ஐத் தாண்டினால் 32-ஐக் கழித்துக்கொள்ளலாம். 17-க்கு 2, 18-க்கு 4, இப்படியே 31-க்கு 30. முப்பத்திரண்டாம் குறிக்கு மட்டும் மடிப்பு இல்லை. அந்த 31 மடிப்புகளும் நேர்கோடுகளே. ஆயினும் அவை நெருங்கி உரசிச் செல்லும் எல்லையில், 32-ஆம் குறியை வந்து தொடுவதாய், அதற்கு எதிர்ப்புறத்தில் உள்வாங்கிய பள்ளமுடையதாய் ஒரு வளைந்த இதயம் தாளில் எழும்பி நிற்கும். நாம் முன்னே மடித்த இதயத்துக்குக் கீழே கூர்நுனி உண்டு, இதற்கு இல்லை. தாளைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மடிப்புகள் தெளிவாகத் தெரியும். தெரியாவிட்டால், ஒவ்வொரு மடிப்பின்மேலும் பென்சிலால் ஒரு கோடிழுத்துக்கொள்ளலாம்.